தம்பிக்கு அக்கா எழுதுவது

ராஜபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

பால்கோவா கிண்டினால் கை எரிகிறது, உடம்பில் சத்தில்லை, டானிக் சொல்லு என்று எழுதியிருந்தாய். டானிக்கெல்லாம் வேண்டாம். பால் இறுகி வரும் நேரத்தில் உன் கையைப் பார். விரல் மூட்டு வெளுக்கும் அளவுக்குக் கரண்டியை நெரிப்பாய். தசை இறுகினால் உள்ளே ஓடும் ரத்தக்குழாயும் நசுங்கும். முழு பலத்தில் பாதிக்கு மேல் போட்டுப் பிடித்தால் முன்கையில் ரத்த ஓட்டம் அநேகமாக நின்றே போகும். ஆக்சிஜன் வராது, சேர்ந்த அமிலமும் பாஸ்பேட்டும் போகாது. எரியாமல் என்ன செய்யும்?

ரத்தம் வராத தசை சும்மா இருக்காது. நரம்பு வழியே மூளைக்குச் சொல்லி பிரஷரை ஏற்றிவிடும். 1937-இல் கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். வேலை செய்த கையின் ரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி நிறுத்தினால், வேலை முடிந்த பிறகும் பிரஷர் இறங்கவில்லை. பட்டையைத் தளர்த்திய பிறகுதான் இறங்கியது. நீயோ அடுப்படியிலிருந்து வேர்க்க விறுவிறுக்கப் போய் பிரஷர் பார்த்துவிட்டு, 160 என்று அம்மாவையும் அழவைத்திருக்கிறாய்! அரை மணி நேரம் கழித்துப் போ. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்துப் பார்க்கச் சொல். அப்படியும் இரண்டு மூன்று நாள் 140-க்குக் குறையாவிட்டால் டாக்டரிடம் போயே ஆகவேண்டும், சாக்குச் சொல்லாதே.

உன் மச்சானுக்கும் இதே கதைதான். மில்லில் தலைக்கு மேல் ரோவிங் (பஞ்சுத் திரிச் சுருள்) மாட்டுகிற கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. கையை நெஞ்சுக்கு மேல் 13 சென்டிமீட்டர் தூக்கினால் அங்கே ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி குறையும், ரத்தமும் குறைவாகத்தான் போகும்.

நீ சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைக் கரண்டிப் பிடியில் தடிமனாகச் சுற்று. கிண்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பிடியை ஒரு நொடி தளர்த்து, கை மாற்று.

ஆடிப்பூரத்துக்குத் தேர் வடம் பிடிக்கப் போவாய், சொன்னாலும் கேட்கமாட்டாய். மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் இழுக்காதே. 1985-இல் கனடாவில் பளு தூக்குகிறவர்களுக்கு அளந்தபோது, மூச்சடக்கித் தூக்கும் நொடியில் மேல் பிரஷர் 300-ஐத் தாண்டியது. சத்தம் போட்டுக்கொண்டே இழு, மூச்சு தானாக வெளியே போகும்.

வரும்போது அரைக் கிலோ பால்கோவா கொண்டுவா. மச்சானுக்குச் சர்க்கரை இருக்கிறது, பையை என்னிடம் கொடு.

அன்புடன்,
அக்கா