இரண்டு டிக்கெட், ஒரு பை

திருமணமாகிப் பதினோரு வருடம். இரண்டு குழந்தைகள், பெங்களூரில் வாடகை வீடு. கணவனும் மனைவியும் மட்டுமாக ரயில் ஏறிய நாள் எதுவென்று எங்களுக்கே நினைவில்லை. ஊரிலிருந்து அத்தை வந்து தங்கியபோதுதான் வழி பிறந்தது. "இரண்டு நாள் எங்கேயாவது போய்ட்டு வாங்க. பசங்களை நான் பாத்துக்கறேன்" என்றார். கோவா, கேரளா என்று ஆரம்பித்தார் என் கணவர். எனக்கு மைசூர் போதும். சுமார் 140 கி.மீ. தூரம். ஏதாவது ஒன்று என்றால் மூன்று மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். குழந்தைகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஊரின் அழகைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

2023ல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் காரில் போயிருக்கலாம். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. சனிக்கிழமை காலை ரயிலைப் பிடித்தோம். ராமநகரத்துப் பாறைகள் ஜன்னலைக் கடந்தன. மத்தூரில் வெங்காயமும் ரவையும் கலந்து தட்டிய, மொறுமொறுப்பான வடை வந்தது. அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் பெரியவளின் கணக்கு மார்க், சின்னவனின் சொத்தைப் பல், ஸ்கூல் வேன் கட்டணம். "வேற ஏதாவது பேசலாமே" என்றார் அவர். இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டும்போதும் மௌனமாகத்தான் இருந்தோம்.

மைசூர் அவசரப்படுத்தாத ஊர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்விடலாம். கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம், மல்லிகைச் சரங்கள், தார் தாராகத் தொங்கும் வாழைப்பழம். நஞ்சன்கூடு ரசபாளே கிடைக்குமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவனுக்குப் பிடிக்கும் என்ற நினைப்பில்தான். கணவர் சிரித்தார்.

பிற்பகல் அரண்மனை. பழைய மர அரண்மனை 1897ல் ராஜகுடும்பத்துத் திருமணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய கட்டடம் 1912ல் முடிந்தது. திருமணத்தில் தொடங்கிய நெருப்பையும் மறக்காமல், புது அரண்மனையிலும் பெரிதாக ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். கிளாஸ்கோவில் செய்த அதன் வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தோம். நடுவில் யாரும் 'அம்மா, பாத்ரூம்' என்று கையை இழுக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு ஃபோன். சின்னவனுக்கு 100 டிகிரி ஜுரம். நான் பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கணவர் விசாரிக்கப் போனார். மறுபடி அத்தைதான் பேசினார். "மருந்து குடிச்சுட்டுத் தூங்கறான். நானும் மூணு பிள்ளை வளர்த்தவதாம்மா. நீ வந்து பண்ணப் போறது என்ன?" கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் இல்லாமலும் வீடு நடக்கும் என்பதை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. நடுராத்திரி வரை விழித்திருந்தேன். ஆனால் போகவில்லை.

காலையில் முதல் தகவல்: ஜுரம் இறங்கிவிட்டது, இட்லி கேட்கிறான். சாமுண்டி மலை ஏறக் கிளம்பினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மூன்றில் இரண்டு பங்கு ஏறினால் 17ம் நூற்றாண்டு நந்தி, ஒரே பாறையில் செதுக்கியது. அதன் நிழலில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னார். இரண்டு மாதம் முன்பு ஹைதராபாத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்ததாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பசங்க தூங்கினப்புறம் சொல்லலாம்னு இருப்பேன். அதுக்குள்ள நீ தூங்கிடுவே."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மறுத்ததற்காக அல்ல, தனியாக முடிவெடுத்ததற்காக. மீதிப் படிகள் முழுக்கச் சண்டை போட்டோம். பல வருடங்களுக்குப் பிறகு, யாரும் குறுக்கே வராமல், தொடங்கிய சண்டையை முடிக்க முடிந்தது.

பிற்பகல் யாதவகிரியில் ஆர்.கே. நாராயணின் வீடு. 2016லிருந்து அருங்காட்சியகம். அவருடைய கண்ணாடி, உடைகள், புத்தகங்கள். கல்யாணமான சில வருடங்களிலேயே, 1939ல், மனைவி ராஜத்தை டைபாய்டுக்குப் பறிகொடுத்தவர் அவர். மறுமணம் செய்துகொள்ளாமல் மகளை வளர்த்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்த நாவல்தான் 'தி இங்கிலீஷ் டீச்சர்'. அங்கே நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் அது ரயிலில் இருந்த மௌனமாக இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி திட்டமிடுங்கள். அன்று இரவு ஏழு மணிக்கு அரண்மனையில் சுமார் ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும். மலைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்; திரும்ப டவுன் பஸ் உண்டு. சயாஜி ராவ் ரோட்டில் மைசூர்பாகு வாங்காமல் வீடு திரும்ப முடியாது.

நாங்களும் அரை கிலோ வாங்கிக்கொண்டு இரவு பஸ் ஏறினோம். ஹைதராபாத் விஷயம் இன்னும் முடியவில்லை. மறுபடி கேட்டால் கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை, என்னிடம் சொல்லிவிட்டு.