படியேறி வரும் இளவேனில்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் காணுதல் தமிழர் மரபு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பாகுபாட்டை நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தேன். கரும்பலகையில் எழுதினேன்; மனப்பாடம் செய்வித்தேன்; தேர்வில் வினாவாகவும் கேட்டேன். இளவேனிலைப் புனைந்துரைக்கும் செய்யுட்கள் பலவற்றுக்கு நயம் உரைத்தேன். ஆயினும் உண்மை ஒன்றை ஒளியாமல் கூறவேண்டும். அத்தனை ஆண்டுகளில் இளவேனில் வருவதை ஒருமுறையேனும் நான் கண்ணால் கண்டதில்லை. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், பிற்காலத்தில் எவ்வாறு கண்டேன் என்பதையும் கூறுவதே இக்கட்டுரை.

எங்கள் ஊர் திருத்தணி. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாக வைத்து எண்ணப்படும் தலம் அது. மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று பெரியோர் கூறுவர். மலையடியில் சரவணப் பொய்கை; ஊரை ஒட்டி நந்தியாறு; வடக்கே சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலின், எங்கள் தெருக்களில் தமிழும் தெலுங்கும் அக்காள் தங்கையர்போல இன்றும் கைகோத்து உலவுகின்றன. முருகன் போரில் எழுந்த சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் இது தணிகை ஆயிற்று என்பது புராணச் செய்தி. அத்தகைய மலையின் அடியில் இருந்துகொண்டே நான் ஒருநாள் காரணமின்றிச் சினந்தேன்.

அது நான் ஆசிரியப்பணி ஏற்ற முதற்சில ஆண்டுகளுள் ஒன்று. மாசித் திங்கள், ஒன்பதாம் வகுப்பு. குயிலைப் பற்றிய செய்யுள் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். அவ்வேளையில் பள்ளியின் மாமரத்திலிருந்து குயில் ஒன்று கூவிற்று. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கேளுங்கள்! குயிற்பேடு பாடுகின்றது. புலவர் சொல்லுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?" என்றேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். பூந்தோட்டத்தில் கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை அவன். "ஐயா, கூவுவது ஆண்குயில். கறுப்பாய் இருப்பதுதான் ஆண். பெண்குயிலுக்கு உடம்பெல்லாம் புள்ளி. அது இப்படிக் கூவாது" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தனரோ, என்னைப் பார்த்துச் சிரித்தனரோ அறியேன். என்னைப் பார்த்தே சிரித்ததாக நான் கொண்டேன். "நூல்களைக் கற்றவன் நீயா, நானா? உட்கார்!" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முடியுமட்டும் என் வகுப்பில் அவன் ஒரு வினாவும் எழுப்பவில்லை. அடக்கமுள்ள மாணவன் என்று நான் அவனைப் பற்றி எண்ணிக்கொண்டேன்.

ஆண்டுகள் பல கழிந்தன. பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். நாள்தோறும் நடத்தல் வேண்டுமென மருத்துவர் கூறவே, விடியற்காலையில் மலைப்படி ஏறத் தொடங்கினேன். முதலாண்டு முழுவதும் படிகளை எண்ணினேனே அன்றி வேறொன்றையும் நோக்கினேனல்லேன். மறு ஆண்டு தைத்திங்களின் இறுதியில் ஒருநாள், மூச்சு வாங்கியதால் வழியில் ஒரு மண்டபத்தில் அமர்ந்தேன். எதிரே ஓர் ஆலமரம். அதில் கரிய பறவை ஒன்று இருந்தது. அதன் கண் குன்றிமணிபோலச் சிவந்திருந்தது. அது தொண்டையை உப்பிக் கூவியது. ஒவ்வொரு கூவலும் முன்னதினும் ஓங்கிற்று. சற்றுக் கீழே, பழுப்பு மேனியில் வெண்புள்ளி தெளித்தாற்போன்ற மற்றொரு பறவை ஆலங்கனிகளைக் கொத்திக்கொண்டிருந்தது. கரிய பறவை நெருங்கியதும் அது "கிக்... கிக்... கிக்" என்று விரைந்தொலித்துப் பறந்தோடியது.

நான் எழுந்திருக்கவில்லை. புள்ளியுடைய அதுவே பெண்குயில் என்பதை அறிய எனக்கு வேறு நூல் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் நூலகம் சென்று, இயற்கையைத் தமிழில் எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) ஆகியோர் நூல்களைத் தேடிப் படித்தேன். மூன்றாம் வரிசைச் சிறுவன் உரைத்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. குயில் எங்கிருந்தோ இளவேனிலில் நம் ஊருக்கு வருவதன்று என்பதையும் அப்போது அறிந்தேன். பனிக்காலத்திலும் அது இங்கேயே இருக்கின்றது. வாய் திறவாமையால் நாம் அதனை அறிவதில்லை. காகம் கூடுகட்டும் பருவம் நெருங்க நெருங்க அதன் குரல் ஓங்குகின்றது. காகத்தின் கூட்டில் அன்றோ குயில் முட்டையிட வேண்டும்? நாம் இசை என்று கேட்பது அதற்கு வாழ்க்கைப் பாடு.

அன்றே ஒரு குறிப்பேடு வாங்கினேன். கண்ட நாளையும் கண்ட பொருளையும் எழுதலானேன். எழுதத் தொடங்கியபின் ஓர் உண்மை விளங்கிற்று. இளவேனில் சித்திரை முதல் நாளன்று வாயிலைத் திறந்துகொண்டு வருவதில்லை. மலைக்கோயிலுக்கு ஏறும் அடியவர்போல அது ஒவ்வொரு படியாக ஏறி வருகின்றது.

பொங்கல் கழிந்ததும் முதற்படி. மாமரங்கள் பூங்கொத்துகளால் நிறைகின்றன. அடியில் நின்றால் ஈயும் தேனீயும் எழுப்பும் ஒலி கேட்கும். வேம்பு பழுத்த இலைகளை உதிர்க்கின்றது. மாசி பிறந்ததும் கலியாண முருங்கை, இலையெல்லாம் இழந்து கிளை நுனிகளில் செம்பூக்களை ஏந்துகின்றது. காகமும் மைனாவும் அப்பூக்களில் தேன் குடிக்கக் கூடும் ஆரவாரம் சந்தைக் கூட்டத்தை ஒக்கும். உழவர் சோளப்பட்சி என்றழைக்கும் பறவைகளும் அக்கூட்டத்தில் உண்டு. கறுந்தலையும் இளஞ்சிவப்பு உடலும் உடைய அவை, நடு ஆசியாவிலிருந்து குளிர்காலம் போக்க வந்த விருந்தினர். பங்குனி முடிவதற்குள் பெரும்பாலும் விடைபெறுகின்றன. இளவேனில் என்பது வருகையை மட்டுமன்றி விடைபெறுதலையும் உடையது என்று உணர்ந்தேன்.

பின்னர்க் குக்குறுவான் குரல் கொடுக்கின்றது. பச்சை உடலும், சிவந்த நெற்றியும், மார்பில் செம்பொட்டும் உடைய சிறு பறவை அது. கன்னான் செம்பைத் தட்டுவதுபோல "டொக்... டொக்... டொக்" என்று இடைவிடாது ஒலிக்கும். அலகை மூடியவாறே அவ்வொலியை எழுப்புகின்றது. தொண்டை மட்டும் உப்பி அடங்குவதைக் காணலாம். வெயில் ஏற ஏற அதன் சுறுசுறுப்பும் ஏறும். குளிர்நாளில் கரகரவென்று ஒலித்துத் திரிந்த குண்டுகரிச்சான், இப்போது விடியற்பொழுதில் கூரையின் உச்சியில் நின்று இனிய பாட்டொன்றைத் தொடங்குகின்றது. தேன்சிட்டின் ஆணோ, பனிக்காலம் முழுதும் பெண்ணைப்போல மங்கிய உடை உடுத்து, தொண்டையில் ஒரு கருங்கோடு மட்டும் தாங்கித் திரிந்தது. அது இறகு மாற்றி, வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னுகின்றது.

பறவைகளை ஒருவாறு கண்ட நான், தோட்டங்களையும் காண விரும்பி நந்தியாற்றங்கரைப் பக்கம் சென்றேன். அங்கு ஒரு மல்லிகைத் தோட்டம். அதனைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர் வரப்பில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாருங்கள், ஐயா" என்றார். அவரே அச்சிறுவன். நாற்பதைக் கடந்து, காதோரம் நரைத்திருந்தது.

அவர் எனக்குத் தோட்டத்தைக் காட்டினார். கார்த்திகையின் பிற்பகுதியில் செடிகளைக் கவாத்து செய்து விடுவார்களாம். தையில் அவை மொட்டைக் குச்சிகளாக நிற்கும். மாசியில் கணுதோறும் துளிர் விடும். பங்குனியில் மொட்டு அரும்பும். பனிக்காலத்தில் பூ அரிதாதலின் விலை மிகும். பங்குனிக்குமேல் பூ பெருகுவதால் விலை இறங்கும். "செடி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, ஐயா. நாங்கள்தான் செடியைப் பார்த்து நாளை அறிந்துகொள்ள வேண்டும்" என்றார். இளவேனில் எனக்கு ஒரு செய்யுட்பொருள். அவருக்கு அவ்வாண்டின் உணவு. அவர் கூர்ந்து நோக்கியதன் காரணம் எனக்கு விளங்கிற்று.

விடைபெறுமுன், "தம்பி, குயிலைப் பற்றி அன்று நீ சொன்னதே சரி. நான் உன்னை அதட்டியது தவறு" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. மறந்திருப்பார் என நான் எண்ணியது பொய்யாயிற்று. "அன்றோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன், ஐயா. பார்ப்பதைமட்டும் விடவில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரலன்று அது. அதனாலேயே அச்சொல் என்னை மிகவும் சுட்டது. நான் அன்று ஒரு சிறுவனை உட்கார வைத்ததாக மட்டுமே எண்ணியிருந்தேன். அவனுள் எழுந்து நின்ற அறிவையும் உட்கார வைத்துவிட்டேன்.

அப்போது அவர் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள். வேலியோரம் ஒரு கொடியில் தேன்சிட்டு கட்டியிருந்த கூட்டை எனக்குக் காட்டினாள். நாரும் சருகும் சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கவிட்ட பைபோன்ற கூடு; வாயிலுக்குமேல் தாழ்வாரம்போல ஒரு சிறு கூரை. "கட்டுவது பெண்சிட்டு மட்டுந்தான், தாத்தா. ஆண் கூடவே பறந்து பாடிக்கொண்டிருக்கும்" என்றாள். இம்முறை நான் அதட்டவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

மாணவர்களே, இவ்வாறு எழுதி வைத்தல் சிறுபிள்ளை விளையாட்டு என எண்ண வேண்டா. இங்கிலாந்தில் இராபர்ட்டு மார்சம் என்னும் நிலக்கிழார், மரம் துளிர்க்கும் நாளையும் பறவை வரும் நாளையும் 1736 ஆம் ஆண்டு முதல் குறிக்கத் தொடங்கினார். அவருக்குப்பின் அவர் குடும்பத்தார் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். சப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதும் மலர்ந்த நாள் பற்றிய பழங்குறிப்புகள் கி. பி. 812 முதல் கிடைக்கின்றன. அம்மரங்கள் 2021 ஆம் ஆண்டில் மார்ச்சு 26 அன்றே முழுதும் மலர்ந்தன. அதற்கு முந்தைய 1,200 ஆண்டுக் குறிப்புகளில் அவ்வளவு முன்னதாக மலர்ந்ததில்லை. உலகம் வெப்பமடைந்து வருவதற்கு அது ஒரு சான்றாயிற்று. அரசவையினரும் துறவியரும் தத்தம் நாட்குறிப்பில் எழுதிய ஒருவரிச் செய்திகள், எத்தனையோ தலைமுறைக்குப்பின் உலகுக்குப் பயன்பட்டன. நம் நாட்டிலும் 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தின்வழிப் பள்ளி மாணவர் வாரந்தோறும் ஒரு மரத்தை நோக்கி, தளிரும் பூவும் காயும் குறித்து வருகின்றனர். என் குறிப்பேடு சில ஆண்டுகளுக்கே உரியது; அதனைக்கொண்டு பெரிய முடிவு எதுவும் கூறல் ஆகாது. ஆனால் நீங்கள் இளையோர். உங்கள் முன் நெடிய ஆண்டுகள் உள்ளன.

பங்குனி முதிர்ந்ததும் எங்கள் ஊரில் வேம்பு பூக்கின்றது. தெலுங்கு பேசும் வீட்டார் உகாதிப் பச்சடிக்காக அப்பூவைப் பறிக்கின்றனர். சில நாட்களில் சித்திரை முதல் நாள் வருகின்றது. தமிழ் பேசும் வீட்டாரும் அதே மரத்தடியில் அதே பூவைப் பொறுக்கிப் பச்சடி செய்கின்றனர். மக்கள் எல்லைக்கோட்டிற்காகப் போராடிய ஊரில், வேம்பு இரு வீட்டாருக்கும் ஒரே பூவைத் தருகின்றது. அப்போதே இளவேனில் மலையுச்சியை அடைந்துவிட்டது என்று நான் கொள்கின்றேன்.

அங்ஙனமாயின் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்ற நம் முன்னோர் பிழைபட்டனரோ எனில், அன்று. அவர்கள் பருவம் நிறைந்து நிற்கும் காலத்துக்குப் பெயரிட்டனர். அது வரும் வழியையும் அறிந்தே இருந்தனர். அவர்கள் முதலில் கண்டனர், பின்னர் எழுதினர். நானோ எழுதியதை மட்டும் கண்டேன். குறை நூலில் இல்லை; நூலைக் கையில் வைத்துக்கொண்டு பலகணியை மூடிவிட்ட என்னிடமே இருந்தது.

உங்கள் வீட்டருகே ஒரு மரம் இருக்கும். அதனை உங்கள் மரமாகக் கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் அதனடியில் நின்று, கண்டதை ஒருவரி எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் கூறுவதும் மரம் கூறுவதும் மாறுபட்டால், அடக்கத்தோடு எழுந்து கேளுங்கள். நல்லாசிரியர் உங்களோடு பலகணி வரை நடந்து வருவார்.

இவ்வாண்டுக் குறிப்பேட்டின் முதல் வரியை அச்சிறுமியே எழுதினாள். அது இது: "தை 27. காலை. ஆலமரம். குயில் கூவியது. ஆண்."