கொல்லைப்புறத்தையும் பாருங்கள்

ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு எங்கள் பக்கத்து ஜனங்களின் கெட்டிக்காரத்தனம் தெரியும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழியை எண்ணுவார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விற்கிறவன் பேச்சை நம்பி ஒருவரும் மடியை அவிழ்க்கமாட்டார்கள். ஆனால் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்ல முடியாத ஒரு பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்க்க நேரும்போது அந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே போய்விடுகிறதோ! வாசலில் வர்ணம் புதிதா, நிர்வாகி மரியாதையாகப் பேசுகிறாரா என்பதோடு நம் பரிசோதனை முடிந்துவிடுகிறது.

சத்தியமங்கலத்தில் எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய மகனுக்கு நாற்பது வயது. பிறவியிலேயே புத்தி வளர்ச்சியில் குறை. விடியற்காலையில் தாயாருடன் மல்லிகை பறிக்கப் போவான்.

"நான் இருக்கிற மட்டும் பாத்துக்குவேனுங்க. அதுக்கப்புறம் இவனை யாருங்க பாப்பாங்க?" என்று அந்த அம்மாள் ஒரு நாள் கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் இருவரும் இரண்டு இல்லங்களைப் பார்த்து வந்தோம்.

முதல் இல்லத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போனோம். வாசலில் கோலம்; மேஜையில் அபிப்பிராயப் புஸ்தகம். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி மொட்டைத் தலை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குளிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்று அம்மாள் கேட்டார். "இன்னொரு நாள் பாக்கலாமுங்க" என்று பதில் வந்தது.

இரண்டாவது இல்லத்துக்குச் சொல்லாமல், விளக்கு வைக்கும் நேரத்தில் போனோம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் ஒருவர் ஓடி வந்து தம்முடைய தகரப் பெட்டியைத் திறந்து, சீப்பையும் நீலச் சட்டையையும் பெருமையுடன் காட்டினார். இன்னொருவர் நிர்வாகியின் எதிரிலேயே, "இன்னைக்குச் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி!" என்று புகார் செய்தார். நிர்வாகி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வழியில் அம்மாள், "குறை சொல்றதுக்கு அவங்க பயப்படலை, பாத்தீங்களா?" என்றார். நான் கவனித்த எல்லாவற்றையும்விட அது பெரிய கவனிப்பு.

இந்தக் கவனிப்பு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கொடிய சாட்சி உண்டு. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்றில் தீப் பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தச் சங்கிலிகள் இருட்டில் ஒளித்து வைத்தவை அல்ல. வந்து போனவர்கள் அனைவரும் கண்டவையே. பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எவ்விதத்திலும் கூடாதென்று தடுக்கிறது. பலவந்தமாக மொட்டையடிப்பதையும் தடுக்கிறது. சுத்தமான இடம், போதிய ஆகாரம், மறைவு, செய்த வேலைக்குக் கூலி, விரும்பினால் சொந்த உடை, பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்துச் சாதனங்கள், குறை சொல்லும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தருகிறது. தகரப் பெட்டியும் நீலச் சட்டையும் தர்மமல்ல, உரிமை! புத்தி வளர்ச்சிக் குறைவு மட்டும் உள்ளவர்களை இச்சட்டம் மனநோயாளிகளாகக் கருதுவதில்லை; அவர்களுடைய காப்புக்கு மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. இரண்டு சட்டங்களின்படியும் இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகையால் முதற் கேள்வி, "பதிவுப் பத்திரம் எங்கே?" என்பதாக இருக்கட்டும்.

மனநல ஸ்தாபனங்களை மூன்று வருஷத்துக்கொருமுறை அதிகாரிகள் தணிக்கை செய்ய வேண்டுமென்பது விதி. நல்ல விதிதான். ஆனால் மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரவுகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் எந்த அதிகாரியால் பார்க்க முடியும்? உறவினர்தான் பார்க்கவேண்டும். சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு வேளையில் போங்கள். நகத்தைப் பாருங்கள், படுக்கையை முகர்ந்து பாருங்கள், கொல்லைப்புறத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். நிர்வாகியிடம் பேசுவதற்கு முன் அங்கே இருப்பவரிடம் பேசுங்கள். அடிக்கடி விருந்தாளி வரும் வீட்டில் எப்போதும் கூட்டிப் பெருக்கியே இருக்கும், இல்லங்களும் அப்படித்தான்.