தொலைந்துபோன பார்

இரண்டு புள்ளிகளினூடாக ஒரேயொரு நேர்கோட்டையே வரையலாம் என்பதைப் பள்ளியில் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்தவன் நான். இந்தக் கேத்திரகணிதம் யாருக்குச் சோறு போடப்போகிறது என்று அப்போது முணுமுணுத்ததுண்டு. விடை பல ஆண்டுகள் கழித்து, 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாவலடியில் கிடைத்தது.

ஆழிப்பேரலை அடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. செய்திக் கட்டுரை ஒன்றுக்காகப் போயிருந்தேன். ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் வங்காள விரிகுடா, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. வீடுகள் நின்ற இடங்களில் அத்திவாரங்கள் கிடந்தன. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதிய மீனவர் ஒருவர் அருகே வந்தார். மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அலைக்குக் கொடுத்தவர். அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசவில்லை. தொலைந்துபோன ஒரு பாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பார் என்றால் கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருடைய தகப்பனார் இரண்டு கோடுகளை விட்டுச்சென்றிருந்தார். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னே, தொலைவில், குடும்பிமலை தெரியவேண்டும். நாவலடியில் உயர்ந்து நின்ற இரட்டைத் தென்னைக்கு நேர் பின்னே பாலமீன்மடு வெளிச்சவீடு தெரியவேண்டும். இரண்டும் ஒருசேரப் பொருந்துகிற இடத்தில் நங்கூரம் இறக்கலாம்.

“வெளிச்சவூடு நிக்கிது மனே. தென்னை போயித்து” என்றார்.

1913இல் கட்டிய வெளிச்சவீடு அலைக்கு அசையவில்லை. ஆனால் ஒரு புள்ளியினூடாக எண்ணற்ற கோடுகள் போகும். முன்குறி இல்லாத வெளிச்சவீட்டை வைத்துக்கொண்டு கடலில் எங்கும் நிற்கலாம்.

சரிந்த கோபுரம் மட்டும் எப்படி உதவும், ஐயா, என்று கேட்டேன். அவர் சிரித்தார். இரண்டு குறிகளும் அடுத்தடுத்து இருந்தால், முன்குறி ஒரு முழம் விலகினாலும் கடலில் தோணி பல பாகம் விலகிவிடும். பின்குறி மலையாக வெகுதூரத்தில் இருந்தால், முன்குறி விலகிய அளவுக்குச் சற்றே கூடுதலாகத்தான் பிழை வரும். குடும்பிமலையைத் தேர்ந்த தகப்பனார் பள்ளிக்கூடம் போகாதவராம். கோடுகள் இரண்டும் அகன்ற கோணத்தில் வெட்டவேண்டும் என்பதும் அவர் சொல்லிவைத்ததே. கோணம் ஒடுங்கினால் கோடுகள் நெடுந்தூரம் ஒட்டிக்கொண்டே போகும்; வெட்டுமிடம் எதுவென்று கண்ணுக்குப் பிடிபடாது.

பிரித்தானியர் காலத்து நில அளவையாளர்களும் இதையே நம்பினார்கள். இலங்கையை முக்கோணங்களாகப் பிரித்து அளந்தபோது, நீர்கொழும்பில் ஒன்றும் மட்டக்களப்பில் ஒன்றுமாக இரண்டு அடிக்கோடுகளை நிலத்தில் நேரடியாக அளந்தார்கள். மற்ற இடங்களில் குன்றுகளின்மேல் நின்று கோணம் பார்த்தார்கள். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மிச்சப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். ஒடுங்கிய முக்கோணம் அவர்களுக்கும் ஆகாது.

முதியவர் பாரை மீட்ட கதையைப் பிறகு, 2014இல் சந்தித்தபோது கேட்டேன். முந்தைய ஆண்டு திறந்த புதிய கல்லடிப் பாலத்தால் போயிருந்தேன். கோபுரமும் மலையும் ஒன்றாகத் தெரியும் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்து வாரம் மணல். ஆறாவது வாரம் குண்டு கல்லில் இடித்தது. உடனே திரும்பிக் கரையைப் பார்த்தாராம். வெளிச்சவீட்டுக்கு நேர் முன்னே, தலை முறிந்த ஒற்றைத் தென்னை ஒன்று நின்றது.

அந்த மரமும் பிறகு விழுந்துவிட்டது. அதற்குள் எஞ்சிய பேரன் கையில் ஜிபிஎஸ் கருவி வந்திருந்தது. பாரின் இலக்கங்கள் அதில் பதிவாகியிருந்தன. பேரன் இடம் வந்துவிட்டது என்று சொன்னாலும், கிழவர் திரும்பிக் கோபுரத்தையும் மலையையும் ஒருமுறை பார்த்த பிறகுதான் நங்கூரத்தை விடச் சொல்வாராம்.