எங்கள் பாண்டு வாத்தியக் குழு

மாலை நாலரை மணிக்கு மேல் எங்கள் பள்ளி மதிலோரமாக நடந்து போகிறவர்கள், உள்ளே ஏதோ பெரிய விழா நடக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். விழாவும் இல்லை, விருந்தும் இல்லை. நாங்கள் 28 பேர் ஒரே நடைப்பாட்டை அன்றைக்குப் பதினோராவது முறையாக வாசித்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். மடத்துச் சகோதரிகளுக்கு அது மாலைச் செப நேரம். "உங்கள் டிரம்பெட் சத்தத்தில் ஆண்டவருக்கு எங்கள் செபம் கேட்கிறதோ என்னவோ" என்று ஒரு மூத்த சகோதரி சொல்வார்கள். ஆனாலும் ஒருநாள்கூட நிறுத்தச் சொன்னதில்லை.

பாண்டில் சேர்ந்தபின் எங்கள் சொந்தப் பெயர்கள் மறைந்துபோயின. முதல் டிரம்பெட், இரண்டாம் கிளாரினெட், சிம்பல், பெரிய டிரம் என்று வாத்தியத்தின் பெயரே எங்களுக்குப் பெயர். சாப்பாட்டு வேளையில் "ஏட்டி சிம்பல், ஊறுகாய் கொண்டா" என்று கூப்பிட்டால், புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விழிப்பார்கள். ஆண்டு மலரில் யார் பெயரையும் போடாமல் எழுதுவதற்கு இது நல்ல வசதி.

டிரம்பெட் ஊதுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து ஊதிப் பார்க்கட்டும். அதற்கு மூன்றே வால்வுகள். நடு வால்வை அழுத்தினால் ஒலி அரைச் சுரம் இறங்கும், முதல் வால்வுக்கு ஒரு சுரம், மூன்றாவதற்கு ஒன்றரை. மற்றதெல்லாம் உதடு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதம் பாட்டே கிடையாது. ஒரே ஒலியை நீளமாக, நடுங்காமல் ஊத வேண்டும். உதடு வீங்கி வீட்டுக்குப் போனால், "பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று அம்மாமார் கேட்பார்கள். ஊதுவதற்கு முன் கடலைமிட்டாய்க்கும் தடை. கிளாரினெட்காரிகளின் கவலை வேறு. நாதசுரத்துக்கு இருப்பதுபோல் அதற்கும் நாணல் சீவாளி உண்டு. நாதசுரத்தில் இரட்டை, இதில் ஒற்றை. மழைக்காலத்தில் அது ஊறிப்போனால் வாத்து கத்துவதுபோல் கத்தும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்புக்காற்று பித்தளைக்குப் பகை. இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் பச்சை படர்ந்துவிடும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை டிரம்பெட்டுக்குப் புளி போடத் தொடங்கியதும் பாண்டு மாஸ்டர் சார் பதறியதைப் பார்க்க வேண்டுமே! மேற்பூச்சு போய்விடுமாம். அன்று முதல் ஆளுக்கொரு மெல்லிய துணி.

சார் இராணுவப் பாண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். மழை வந்து மைதானத்தில் பயிற்சி நின்றுபோனால் கதை சொல்வார். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு வைத்திருந்தார் என்பதும், முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயருடைய பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்பதும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் புகுந்து, பிறகு கர்நாடக இசை மேடையிலும் ஏறிற்று. அதை வாசித்தே ஏ.கே.சி. நடராஜன் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். சாரின் தந்தையும் கிளாரினெட்காரர்தான். ஆனால் மேடையில் அல்ல, தெருவில் போகும் பாண்டு செட்டில்.

எங்கள் முதல் டிரம்பெட்டின் அத்தை மகள் சிங்கப்பூரில் படிக்கிறாள். அவளும் பாண்டுக்காரி. அங்கே பள்ளிகளுக்கு 1967 முதல் இளையர் விழா நடக்கிறதாம். இப்போது பாண்டுக் குழுக்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதில் வாசிக்கின்றன. அணிவகுத்து நடக்காமல் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கிறார்கள். முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிக்காமல் மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தகுதிச் சான்று தருகிறார்கள். நெதர்லாந்தில் கெர்க்ராடே என்ற ஊரில் 1951இல் தொடங்கி, நான்காண்டுக்கு ஒருமுறை உலக இசைப் போட்டி நடப்பதைப் பற்றியும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நாங்கள் படித்துப் படித்தே கிழித்துவிட்டோம். விமானத்தில் வாத்தியப் பெட்டிகளை எங்கே வைப்பார்கள் என்று ஒரு மணி நேரம் விவாதம் வேறு. எங்களுக்கு வாய்க்கக்கூடிய தொலைதூரம் தில்லி. குடியரசு தினத்தையொட்டி மத்திய கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து தேசியப் பள்ளி பாண்டுப் போட்டி நடத்துகின்றன. பித்தளை பாண்டு, பைப் பாண்டு என இருவகை. அவற்றில் மாணவர், மாணவியர் தனித்தனி. மாநிலம், மண்டலம் என்று வென்று போனால் தில்லி. 2025 ஜனவரியில் அங்கே மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டரங்கில் 16 குழுக்கள் வாசித்தன.

மாநிலப் போட்டிக்குச் சென்னை போக வேண்டும். சிங்கப்பூர்க்காரிக்குக் கடவுச்சீட்டு என்றால், எங்களுக்கு வீட்டில் வாங்கும் கையெழுத்து. பத்தாம் வகுப்புக்காரிகள் ஒன்பது பேர் வீட்டிலும் அரசுத் தேர்வு, அரசுத் தேர்வு என்ற ஒரே பாட்டுத்தான். சகோதரி ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் மட்டும் கிடைக்கவில்லை. அது பெரிய டிரம்மின் வீடு.

பெரிய டிரம்மை வேடிக்கை பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. டிரம்பெட்தான் மின்னும், சிம்பல்தான் பளிச்சென்று தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 120 அடி நடக்கும்போது, இடது கால் தரையில் படும் நொடியில் அந்தத் 'தும்' காதில் விழ வேண்டும். அணி வளையும்போது உள்பக்கத்தவள் சிற்றடி வைப்பாள், வெளிப்பக்கத்தவள் எட்டி நடப்பாள். அந்த வேளையில் எங்களை ஒன்றாகக் கட்டி வைப்பது அது ஒன்றுதான். எங்கள் பெரிய டிரம்மின் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். மழை வந்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. அப்படி வேலையில்லாத ஒரு மாலையில், மகளுடைய வெள்ளைச் சீருடையைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார். மகள் மூன்று நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை.

"கொட்டு அடிக்கப் போறாளான்னு தெருவுல கேக்காவ சிஸ்டர். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கொட்டு? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா நாலு பேரு சொல்லிக் காட்டுவாவ."

அதில் என்ன இழிவு இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை என்றால் அது பொய். ஊரில் கொட்டு அடிப்பவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பது 15 வயதில் எல்லோருக்கும் தெரியும். டிரம்பெட் ஊதுபவளின் வீட்டில் யாரும் இப்படிக் கேட்கவில்லை. பெரிய டிரம்மின் வீட்டில்தான் கேட்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சிரித்த தெருவை என்ன சொல்வது?

சகோதரி நாற்காலி போடச் சொன்னார்கள், அம்மா உட்காரவில்லை. சார்தான் பேசினார். "அம்மா, எங்கப்பா கல்யாணத்துக்கும் ஊதுவார், கேதத்துக்கும் ஊதுவார். கேதத்துக்கு ஊதின காசிலேதான் எனக்கு முதல் கிளாரினெட் வாங்கித் தந்தார்." இதை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "நடங்க" என்றார்.

பெரிய டிரம் இல்லாமல் நடந்தோம். நேராகப் போகும்வரை பக்க டிரம்கள் ஒருவாறு சமாளித்தன. கொடிக்கம்பத்தருகில் வளைந்ததும் மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையின்மேல் போய் விழாத குறை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ அடிக்கலைன்னா நடக்க மாட்டீங்களா?"

"நடக்க வராதும்மா" என்றார் சார்.

அதற்குமேல் அம்மா கேட்டவை மூன்றே கேள்விகள். பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குவார்கள்? உடன் எந்த சிஸ்டர் போகிறார்கள்? டிரம்மின் வார் தோளை அறுக்கிறதே, அதற்கு ஏதாவது துணி வைத்துத் தைக்கக் கூடாதா? பதில் கேட்டபின், தம் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக் கொடுத்தார். சீருடைப் பை பள்ளியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் வாருக்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் ஓர் உறை வந்தது. மிகவும் நேர்த்தியான தையல்.

முத்துநகர் விரைவு வண்டியில் போனோம். கீழ்ப்படுக்கை ஒன்றில் பெரிய டிரம்மைக் கிடத்தியிருந்தோம். பரிசோதகர் வந்து, "இவருக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்க, பெட்டி முழுவதும் சிரிப்பு. போட்டியைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. நன்றாகத்தான் வாசித்தோம், வளைவில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. இரண்டாமிடம். முதலிடம் பெற்றவர்கள் எங்களைவிட நன்றாக வாசித்தார்கள், அதிலும் அவர்களுடைய கிளாரினெட்டுகள்! தில்லி இல்லை என்று தெரிந்ததும் சிலர் அழுதார்கள். பெரிய டிரம் அழவில்லை. பசிக்கிறது என்றாள்.

தேர்வுக்காக நாங்கள் ஒன்பது பேரும் இப்போது விலகுகிறோம். பெரிய டிரம்மை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் கால் மணி நேரம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்னத் தோள், வார் தளர்கிறது. போன வெள்ளிக்கிழமை செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய், அந்தச் சேலைத் துண்டு உறை கிழியாமல், வாரில் இரண்டு புதுத் துளைகள் போட்டு வாங்கி வந்தோம்.