பாதியில் நின்ற செபம்

நான் கடவுளை மறுத்தவன் அல்லன். யாராவது கேட்டால் கத்தோலிக்கன் என்றுதான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஆலயத்துக்குப் போவேன். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

2020ல் கொவிட்-19 காரணமாக ஆலயங்கள் மூடப்பட்டபோது திருப்பலியை இணையத்தில் பார்த்தோம். முதல் சில வாரங்கள் குளித்து, மெழுகுவத்தி ஏற்றி, எழுந்து நின்று பங்கேற்றோம். பிறகு உட்கார்ந்தபடி. பிறகு கையில் காப்பியோடு. ஆலயங்கள் திறந்த பின்னும் நான் சோபாவை விட்டு எழவில்லை. வேலைக் களைப்பு, மகளின் நீச்சல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். ‘இனி வேண்டாம்’ என்று ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. தானாகவே நின்றுபோனது.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. முந்தின இரவு மருத்துவமனையில், “செபமாலை சொல்லுப்பா, எனக்குப் பயமா இருக்கு” என்றார். செபமாலை விசுவாசப் பிரமாணத்தில் தொடங்கும். சிறுவயதில் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்று பாதியில் நின்றுவிட்டேன். அடுத்த வரி வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, “அழாதே” என்று சொல்லிவிட்டு, மீதியை ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொல்லி முடித்தார்.

நான் அழவில்லை. எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் பயந்திருந்த இரவில் நான் அவருக்குத் துணையாக இல்லை. அவர்தான் எனக்குத் துணையாக இருந்தார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மா தேறி, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்கு அழைத்துப் போனேன். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888ல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. எனக்குத் திருமுழுக்கு நடந்ததும் அங்கேதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புரவுக்குச் சென்றேன். பாதிரியார் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தினமும் ஒருமுறை, அவசரப்படாமல் சொல்லச் சொன்னார்.

இப்போது இரவில் மகளோடு உட்கார்ந்து சொல்கிறேன். சில இரவுகளில் மனம் ஒட்டுவதில்லை. அலுவலக மின்னஞ்சல்தான் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “அன்னைக்கு நான் அழலம்மா. மறந்துபோச்சு.”

“தெரியும்பா,” என்றார். “அதனாலதான் சத்தமா சொன்னேன்.”