திருப்பிக் கூப்பிட்ட சர்வர்

இன்று திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்துகொண்டே சென்னை அலுவலகக் கணினியைத் திறந்து பார்க்கலாம். 90களின் கடைசியில் கதையே வேறு. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது அது சென்னை போன்ற பெருநகரங்களில்தான் தொடங்கியது. சின்ன ஊர்க் கிளைக்கு இருந்த ஒரு வழி, தலைமை அலுவலக சர்வருக்கே நேராகப் போன் போடுவது. அதுவும் எஸ்.டி.டி.! நிமிடம் ஓட ஓட பில்லும் ஓடும்.

அன்று பல அலுவலகங்களில் இருந்தது 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 சர்வர். அதில் மோடத்தைப் பொருத்தி, டெலிபோன் லைனைச் செருகி, ரிமோட் ஆக்சஸ் சர்வீஸைச் சேர்க்க வேண்டும். போர்ட்டை "அழைப்பை ஏற்க மட்டும்" என்று வைக்க வேண்டும். பிறகு யார் யாருக்கு டயல்-இன் அனுமதி என்று ஒவ்வொரு பெயராகக் கொடுக்க வேண்டும்.

வேகம்? பெட்டியில் 56 கே என்று போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் சாதாரண போன் லைன் என்றால் 33.6 கே-யைத் தாண்டாது. ஒரு எம்.பி. கோப்புக்கு நாலு நிமிடம். நடுவில் லைன் கட்டானால் மறுபடி முதலிலிருந்து...

இந்த பில்லை யார் கட்டுவது? அதற்குத்தான் 'கால்பேக்'. கிளைக்காரர் போன் செய்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் சர்வர் லைனைத் துண்டித்துவிட்டுத் தானே திருப்பிக் கூப்பிடும். செலவு தலைமை அலுவலகத்தின் கணக்கில் ஏறும்.

இதில் இரண்டு வகை உண்டு. எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று அழைப்பவரே சொல்வது ஒன்று. நிர்வாகி முன்பே பதிந்து வைத்த எண்ணுக்கு மட்டும் கூப்பிடுவது இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது பில்லை மட்டும் மாற்றுகிறது. பாஸ்வேர்டைத் திருடியவன் தன் வீட்டு எண்ணையே கொடுத்து உள்ளே வரலாம். அவனுக்கு எஸ்.டி.டி. செலவும் மிச்சம்! இரண்டாவதுதான் கதவுக்குக் காவல்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. செலவை யார் தலையில் எழுதுவது என்பது ஒரு கேள்வி. பணப்பெட்டிச் சாவி யாரிடம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

அந்தக் காவலிலும் ஓர் ஓட்டை இருந்தது. பதிந்த எண்ணில் கால் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால் சர்வரின் அழைப்பு வேறு வீட்டில் அடிக்கும். இன்று வங்கி ஓ.டி.பி.யும் பதிந்த எண்ணுக்குத்தான் வருகிறது. நம் பெயரில் இன்னொருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால்? மோடம் போய்விட்டது, எஸ்.டி.டி. பூத்தும் போய்விட்டது. எண்ணை நம்புவதா, ஆளை நம்புவதா என்ற கேள்வி மட்டும் போகவில்லை.